இரண்டு மில்லிமீட்டர் பொட்டு

துவைக்கப் போடும் சட்டைகளின் பையைத் துழாவிப் பார்ப்பது பிரிஜட்டுக்குக் கல்யாணமான நாள் முதலாக உள்ள பழக்கம். சந்தேகமெல்லாம் ஒன்றும் கிடையாது. இஞ்ஞாசி பஸ் டிக்கெட், பேனா மூடி, பாதி தின்ற புளிப்பு மிட்டாய் என்று எதையாவது பையிலேயே விட்டுவிடுவார். அது தண்ணீரில் கரைந்து நல்ல சட்டையைப் பாழாக்கும். 1985 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை அப்படித் துழாவியபோது அவள் கையில் அகப்பட்டது ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை.

கறுப்புப் பொட்டு. அட்டையில் முப்பது இருக்க வேண்டும். ஏழு இல்லை.

சமையலறை ஜன்னலருகே நின்று அவள் இரண்டு தடவை எண்ணினாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஜெபமாலையும் திருஇருதயப் படமுமாக இருக்கிற வீட்டுக்குள் பொட்டு அட்டைக்கு என்ன வேலை என்று நினைத்தாள். பிறகு அந்த ஏழு காலி இடங்களைப் பார்த்தாள். பொட்டைச் சும்மா யாரும் பிய்த்துப் போடுவதில்லை. ஏழு பொட்டு போயிருந்தால் அது ஏதோ ஒரு நெற்றிக்குத்தான் போயிருக்கும். சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பிரிஜட் பிறக்கும்போது பிரிஜட் இல்லை. இருபது வயது வரை அவள் லட்சுமி. செம்பவாங் கடற்படைத் தளத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். காலையில் எழுந்து முகம் கழுவியதும் சாந்துப் பொட்டு வைக்காமல் கண்ணாடியை விட்டு நகரமாட்டாள். இஞ்ஞாசியை விரும்பினாள், பெற்றவர்களிடம் சண்டை போட்டாள், ஞானஸ்நானம் வாங்கினாள், பெயரை மாற்றிக்கொண்டாள். கத்தோலிக்கத் தமிழர் வீடுகளில் பொட்டு வைக்கிறவர்களும் உண்டு, யாரும் அதை ஒரு குற்றமாக எடுப்பதில்லை. ஆனால் மாமியார் அல்போன்சம்மாள் கறாரான பேர்வழி. ஞானஸ்நானத்துக்குக் கிளம்பிய காலையில் ஓர் ஈரத்துணியை அவளிடம் நீட்டி, "தொடச்சிட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னார்.

லட்சுமி அப்போது இஞ்ஞாசியைத்தான் பார்த்தாள். "இருக்கட்டும்மா" என்று ஒரு வார்த்தை அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் குனிந்து காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் துடைத்துக்கொண்டாள்.

மாமியார்மீது அவளுக்குக் கோபம் தங்கவில்லை. படுக்கையில் கிடந்த காலத்தில் அந்த அம்மாளை அவள்தான் குளிப்பாட்டி, தலை வாரி, கஞ்சி ஊட்டினாள். கோபமெல்லாம் சப்பாத்தைப் பார்த்த ஆள்மீதுதான். இருபத்துமூன்று வருடமாக அதை வெளியில் சொல்லாமல், நல்ல மனைவியாக, அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு, உள்ளே பத்திரமாக வைத்திருந்தாள். ஒரே மகள் ஜோசபின் வளர்ந்து, நர்சிங் படிக்க விடுதிக்குப் போய்விட்ட பிறகும் அது அப்படியே இருந்தது.

இப்போது அதே ஆள் யாருக்கோ பொட்டு வாங்குகிறார்.

யாருக்கு என்று யோசித்தபோது சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. மார்ச் மாதத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் இஞ்ஞாசி மார்சிலிங்குக்குப் போய்வருகிறார். சர்ச்சில் பழக்கமான அற்புதராஜ் அங்கே புது வீட்டுக்குக் குடிபோயிருந்தார். அவர் வீட்டில் ஜெபக்கூட்டமாம். மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பதினோரு மணிக்குத்தான் திரும்புவார், கை கால் முழுக்கக் கொசுக்கடியோடு. ஜெபம் பண்றவங்களை இவ்வளவு கொசு கடிக்குமா என்று ஒரு தடவை கேட்டாள். அற்புதராஜ் வீட்டு ஜன்னலுக்கு வலை இல்லை என்றார். மனுஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் கழுவுகிற இருட்டறையில் வேலை பார்க்கிறவர். வெளிச்சத்தில் பேசிப் பழக்கமில்லாததால் பதில் சுருக்கமாக இருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள்.

அட்டையின் பின்னால் கடைப்பெயர் அச்சடித்திருந்தது. புதன்கிழமை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே செராங்கூன் ரோட்டுக்கு பஸ் ஏறினாள்.

பஃப்ளோ ரோடு முனையில் வளையலும் ரிப்பனும் விற்கிற சின்னக் கடை. கல்லாவில் முத்தாயி என்ற பெரிய அம்மாள் உட்கார்ந்திருந்தார். வாய் நிறைய வெற்றிலை. பிரிஜட் அட்டையைக் காட்டி, "இந்த மாதிரி இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"இதுவா? இது கடைசி சைஸ். நம்ம கடையிலதான் கிடைக்கும். வழக்கமா யாரும் வாங்கமாட்டாங்க. இப்ப ஒரு மனுஷன் வந்து வாங்கிட்டுப் போறாரு."

"எப்படி இருப்பாரு?"

"ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு. ரொம்ப மரியாதையான ஆளு. ஆனா ஒரு மாதிரி லா. பொட்டு வாங்க வந்தவரு பையிலேருந்து ரூலரை எடுத்து அளக்கிறாரு. மூணு மில்லிமீட்டர் பெருசாம், ரெண்டு வேணுமாம். சிவப்பு வேண்டாம், கறுப்புத்தான் வேணுமாம். ஓரத்துல பிசிறு இருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்க்கிறாரு. நாப்பது வருஷமா பொட்டு விக்கிறேன், பொண்டாட்டிக்கு ரூலர் வச்சுப் பொட்டு வாங்கின ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்."

"பொண்டாட்டிக்குன்னு சொன்னாரா?"

முத்தாயி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அப்படிச் சொல்லல. இவ்வளவு சின்னக் கறுப்புப் பொட்டுன்னா கைக்குழந்தைக்குத்தானே வைப்பாங்க, திருஷ்டிக்கு. அதனால நானே கேட்டேன், வீட்டுல சின்னக் குழந்தையான்னு. வெக்கப்பட்டுச் சிரிச்சாரு. 'சின்னதா ஒண்ணு இருக்கான்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்'னாரு. எனக்குப் புரியல. பாவம், வயசான காலத்துல பிறந்த பிள்ளை போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

ஒரு பெண் என்றுதான் பிரிஜட் நினைத்திருந்தாள். குழந்தை அவள் கணக்கிலேயே இல்லை. மூணு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் என்ற பேச்செல்லாம் அந்தக் கணத்தில் காதிலேயே ஏறவில்லை. மற்ற நாளாக இருந்தால் அதைத்தான் முதலில் பிடித்திருப்பாள். ஏனென்றால் மில்லிமீட்டரை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எட்டு வருடமாகத் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப் வழியே பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை எலெக்ட்ரானிக் சில்லில் ஒட்டுகிற வேலை அவளுக்கு.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அட்டையைத் திரும்ப அவர் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டாள். வழக்கம்போல் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். இரவில் அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்று யோசித்தாள். அதன் அம்மா பொட்டு வைத்திருப்பாள், அவளை யாரும் துடைக்கச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை அவர் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் கழித்து அவளும் கிளம்பினாள். புக்கிட் மேராவிலிருந்து மார்சிலிங் என்றால் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. இரண்டு பஸ் மாறி, ஊட்லண்ட்ஸ் ரோட்டில் நின்று நின்று போய், அவள் இறங்கியபோது இருட்டிவிட்டது. வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். குழந்தையைப் பார்த்துவிட்டால் பேச்சு வராது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அற்புதராஜ் கதவைத் திறந்தார். பனியனும் கைலியுமாக, கையில் கோப்பிக் குவளை. உள்ளே ஜெபமும் இல்லை, கூட்டமும் இல்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கே அவரு?"

அற்புதராஜ் திருதிருவென்று விழித்தார். "அது வந்து தங்கச்சி, ஜெபம் இப்பத்தான் முடிஞ்சு…"

"காது குத்தாதீங்க அண்ணே. எங்கே அவரு?"

அவர் குவளையோடு தாழ்வாரத்துக்கு வந்து, கீழே கையை நீட்டினார். அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இன்னும் கட்டடம் வராத வெற்றுத்திடல். அதற்கப்பால் தெற்கே மண்டாய்க் காடு கறுப்பாகக் கிடந்தது. திடலின் நடுவே ஒரு மனிதன் எதன்மீதோ குனிந்துகொண்டு தனியாக நிற்பது தெரிந்தது. பெண்ணும் இல்லை, குழந்தையும் இல்லை.

அவள் புல்லை மிதித்துக்கொண்டு போனாள். பக்கத்தில் போகப் போக அது என்னவென்று புரிந்தது. தண்ணீர்க் குழாய்களைத் திருகி மாட்டிய ஒரு தாங்கி. அதன்மேல் ஆள் நீளத்துக்கு ஓர் அட்டைக் குழல், குழலின் பக்கவாட்டில் காமிரா. குழலோடு ஒட்டிய இன்னொரு சின்னக் குழலில் கண்ணை வைத்து, கையால் ஒரு திருகை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டு நின்றார் இஞ்ஞாசி.

தொலைநோக்கி. பழைய கிறுக்கு.

ஆறு வருடத்துக்கு முன் இந்த நட்சத்திரக் கிறுக்கு முற்றி, புக்கிட் மேரா புளோக்கின் மொட்டைமாடிக்கு இரும்பு ஏணியில் ஏறி, சறுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டவர் அவர். மூன்று மாதம் படுக்கை. பைபிள்மீது கையை வைக்கச் சொல்லி அவள்தான் சத்தியம் வாங்கினாள்.

"ஜெபம் நல்லா நடக்குதா?" என்று கேட்டாள்.

அவர் முதுகு ஒரு குலுக்கல் குலுங்கியது. ஆனால் கண் குழலை விட்டு நகரவில்லை.

"பிரிஜட்? நீ எப்படி… அசையாதே. அங்கேயே நில்லு. தரை அதிர்ந்தா படம் போயிடும். இருபது நிமிஷம். எட்டு நாப்பதுக்குத் திறந்தேன், ஒன்பதுக்கு மூடணும்."

பிஸ்கட் டின் ஒன்றின்மேல் மேசைக் கடிகாரம் பச்சையாக முள் ஒளிர உட்கார்ந்திருந்தது. எட்டு நாற்பத்திரண்டு.

"மொட்டைமாடி ஏறமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன்" என்றார் அவர், குழலுக்குள்ளேயே பேசுவதுபோல. "இது தரை."

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க. குழந்தை எங்கே?"

"எந்தக் குழந்தை?"

"பொட்டு வாங்கினீங்களே, ரூலர் வச்சு அளந்து. அந்தக் குழந்தை."

திருகு மட்டும் மெல்ல முனகியது. பிறகு அவர் சொன்னார், "அது இந்தக் காமிராவுக்கு உள்ளே இருக்கு. பொட்டைச் சொல்றேன். ஃபிலிமுக்கு முன்னாடி ஒரு மெல்லிசான கண்ணாடிச் சில்லு, அதுல ஒட்டியிருக்கேன்."

நட்சத்திரத்துக்குப் பொட்டா என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மென்று விழுங்கி மென்று விழுங்கிச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இதுதான். போன அக்டோபரில் பேப்பரில் ஒரு செய்தி வந்ததாம். தூரத்திலிருக்கும் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டுபோலத் தூசி பரந்திருப்பதைப் படம் பிடித்துவிட்டார்களாம். கிரகங்கள் அப்படிப்பட்ட தூசியிலிருந்துதான் திரண்டு வருமாம்.

"நட்சத்திரத்தோட வெளிச்சம் பக்கத்துல இருக்கிற எதையும் பார்க்க விடாது. கார் ஹெட்லைட்டுக்குப் பக்கத்துல நிக்கிற ஆளு தெரியாத மாதிரி. அதனால காமிராவுக்கு உள்ளே ஒரு சின்னக் கறுப்பு வட்டத்தை வச்சு நட்சத்திரத்தை மறைச்சிட்டாங்க. மறைச்சதும் பக்கத்துல இருந்தது தெரிஞ்சிருச்சு. அது அம்பது ஒளியாண்டு தூரத்துல. இதோ, காட்டுக்கு மேல ரெண்டு பளிச்சுன்னு இருக்கே, அதுல இடது பக்கத்து நட்சத்திரம் நாலு சொச்சம்தான். நம்ம சூரியனுக்குக் கூடப்பொறந்தது மாதிரி. அங்கே தெரிஞ்சது இங்கே ஏன் தெரியக்கூடாது?"

"கிரகம் தெரியுமா?"

"தெரியாது" என்றார் உடனே. மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. நாலு மாதம் எப்படிச் சமாளித்தாரோ தெரியவில்லை. "கிரகம் இருந்தாலும் அது பொட்டுக்கு உள்ளேயே போயிடும். இதைவிடச் சின்னப் பொட்டு செராங்கூன் ரோட்டுல கிடையாது. ஆனா தூசித் தட்டு இருந்தா பொட்டுக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கும். அது தெரிஞ்சாப் போதும், உள்ளே ஏதோ இருக்குன்னு அர்த்தம். மார்ச்சுலேருந்து பதினெட்டு சனிக்கிழமை, பிரிஜட். ஒண்ணு மழை, இல்லேன்னா மேகம், இல்லேன்னா பொட்டுல தூசி. ஏழு பொட்டு வீணாப் போச்சு. இன்னிக்குத்தான் வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கு."

எட்டு நாற்பத்தேழு.

இப்போது அவள் நிம்மதியாகச் சிரித்திருக்க வேண்டும். குழந்தை இல்லை, குழந்தைக்கு அம்மாவும் இல்லை, புருஷன் பத்திரமாகத் தரையில் நிற்கிறார். ஆனால் பிரிஜட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் காலிலிருந்து ஏறியது.

"மறைச்சாத்தான் தெரியும்னு என்னை மறைச்சிட்டு வந்துட்டீங்க."

"உன்கிட்டச் சொன்னா நீ பயப்படுவே. நீ பயந்தா என்னால போக முடியாது."

"அதை விடுங்க. பொட்டுன்னு எப்படித் தோணுச்சு உங்களுக்கு? பொட்டே இல்லாத வீட்டுல உக்காந்துக்கிட்டு?"

திருகிய கை ஒரு கணம் தயங்கி, மறுபடி திருகியது. "முதல்ல கார்பன் பேப்பரை வெட்டிப் பார்த்தேன், ஓரம் கிழிஞ்சுது. கடுகை ஒட்டிப் பார்த்தேன், உருண்டுடுச்சு. வட்டமா, கறுப்பா, ஓரம் சுத்தமா இருக்கணும். என்னன்னு யோசிச்சப்போ உன் நெத்திதான் ஞாபகம் வந்துச்சு."

"என் நெத்தியில என்ன இருக்கு?"

அவர் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"நான் கேக்கிறேன். என் நெத்தியில என்ன இருக்கு? இருந்ததை உங்க அம்மா தொடைக்கச் சொன்னாங்க. நான் உங்களைப் பார்த்தேன். நீங்க சப்பாத்தைப் பார்த்தீங்க. இருபத்துமூணு வருஷமாச்சு. அதுக்கு நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டதில்ல." அவள் குரல் உடைந்தது. உடைந்தாலும் நிறுத்தவில்லை. "பொட்டு போனதுக்காக இல்ல. நீங்களா வேண்டாம்னு சொல்லியிருந்தாக்கூட நானே தொடச்சிருப்பேன். நான் எதை விட்டுட்டு வர்றேன்னு நீங்க நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லையே, அதுதான். அன்னிக்கும் பார்க்கல. இப்பவும் நான் உங்க முதுகுகிட்டத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்."

கடிகாரம் எட்டு ஐம்பத்தொன்றைக் காட்டியது. இன்னும் ஒன்பது நிமிடம்.

அந்தத் திருகை விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தினம் எட்டு மணி நேரம் அவளும் அப்படித்தான் ஒரு குழலில் கண்ணை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். கண்ணை எடுத்தால் கம்பி போச்சு, சில்லு போச்சு. பக்கத்தில் தீப்பிடித்தாலும் கையிலிருக்கும் கம்பியை ஒட்டி முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பது அங்கே பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொல்கிற பேச்சு. பூமி சுற்றுகிறது, நட்சத்திரம் நகர்கிறது, அவர் கை திருகிக்கொண்டே இருந்தால்தான் அது பொட்டுக்குப் பின்னால் நிற்கும். ஒன்பது நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவளே நினைத்தாள். இருபத்துமூன்று வருடம் பொறுத்தவளுக்கு ஒன்பது நிமிடம் என்ன பெரிய கஷ்டம்.

இஞ்ஞாசி கையை எடுத்தார். கண்ணை எடுத்தார். நிமிர்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரும்பி அவளைப் பார்த்தார்.

"போச்சே" என்றாள் அவள், தன்னையறியாமல். "அது நகர்ந்துடுமே. போய்ப் பிடிங்க."

"நகரட்டும்."

அவர் பக்கத்தில் வந்தார். புளோக் விளக்குகளின் மங்கல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் நெற்றியையே பார்த்தார். இருட்டறையில் சிவப்பு விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் படம் பார்த்துப் பழகிய கண்கள், அவ்வளவு வெளிச்சம் அவற்றுக்குப் போதும்.

"அன்னிக்கு நீ தொடச்சதும் அந்த இடம் மட்டும் வெளுப்பா, வட்டமா இருந்துச்சு" என்றார். "மத்த இடமெல்லாம் வெயில் பட்டுக் கறுத்து, அது மட்டும் புதுசா. அது மறைய ரெண்டு மாசமாச்சு. தினமும் நீ தூங்கினப்புறம் பார்ப்பேன். அது மறையறதுக்குள்ள அம்மாகிட்டப் பேசிடணும், உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுடணும்னு நெனப்பேன். நாளைக்கு, நாளைக்குன்னு இருந்தேன். ஒரு நாள் பார்த்தா அது இல்ல. இனிமே என்னத்தைக் கேக்கிறதுன்னு விட்டுட்டேன். ஆனா அது எங்கே இருந்துச்சுன்னு எனக்கு இப்பவும் தெரியும்."

விரலை நீட்டி அவள் நெற்றியில், புருவங்களுக்கு நடுவே, சற்று மேலே வைத்தார். சரியான இடம்தான். அவளே மறந்துபோயிருந்த இடம்.

"நான் அன்னிக்கு வாயைத் திறந்திருக்கணும். பயந்துட்டேன், லட்சுமி."

அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டு வெகுகாலமாகிவிட்டது. பிறந்த வீட்டிலும் கோபத்தில் பெயரையே சொல்வதில்லை. அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அழுகையோடு அழுகையாக அவர் கையில் இருந்த கொசுக்கடியைச் சொறிந்தும் விட்டாள். பழக்கம் யாரை விட்டது.

கோப்பி கொண்டுவந்த அற்புதராஜ் பாதித் திடலில் நின்று, நிலவரத்தைப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் மண்டாய்க் காட்டுக்கு மேலிருந்து மேகம் ஏறி வந்து இரண்டு நட்சத்திரங்களையும் மூடியது. அன்றைக்கு அவ்வளவுதான். இருவருமாகக் குழாயைக் கழற்றி அற்புதராஜ் வீட்டில் வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தார்கள்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் இஞ்ஞாசி குளியலறையையே இருட்டறையாக்கி ஃபிலிமைக் கழுவி, சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டார். ஒளிக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. படம் காய்ந்ததும் இருவரும் ஜன்னலருகே நின்று பார்த்தார்கள். நடுவில் கரிய வட்டம், அதுதான் பொட்டு. அதைச் சுற்றிப் புகைபோல மெல்லிய ஒளி. அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் தூசித் தட்டு எதுவும் அகப்படவில்லை. பொட்டின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கிளம்பி, நேராக ஓடி, படத்தின் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தது.

"இது என்ன கோடு?"

"நான் கையை எடுத்ததும் நட்சத்திரம் வெளியே வந்துடுச்சு. வீணாப்போன படம். தூக்கிப் போட்டுடலாம். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பார்க்கலாம்." அவர் கொஞ்சம் நிறுத்தி, "நீயும் வர்றியா?" என்றார்.

"திருகை நான் பிடிச்சிக்கிறேன். உங்களைவிட எனக்குக் கை நடுங்காது" என்றாள். ஆனால் படத்தை அவரிடம் திருப்பித் தரவில்லை.

அந்த வாரமே அதைப் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு, செராங்கூன் ரோட்டில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுத் தருகிற கோவிந்தசாமி கடைக்குப் போனாள். முருகனும் மாரியம்மனும் வேளாங்கண்ணி மாதாவும் சுவர் முழுக்கச் சாய்ந்து நின்ற அந்தக் கடையில் கோவிந்தசாமி படத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். கறுப்பு வட்டம், வெள்ளைக் கோடு. எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று அவருக்கு விளங்கவில்லை.

"இது எந்தச் சாமிம்மா?" என்று கேட்டார்.

"சாமி இல்லண்ணே" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தப்போ எடுத்தது."